எவேலியோ வெளியே குடித்த காபி

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எவேலியோ காபியைப் பாதி குடித்துவிட்டுக் கோப்பையை அடுப்பு மேடையில் வைத்தான். தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிப் போனான். சோள அடை சுட்டுக்கொண்டிருந்த ரூபியெலா, கழுவுவதற்காகக் கோப்பையை எடுத்தபோதுதான் பார்த்தாள். அரைக்கோப்பை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதன் அவள் போட்ட காபியில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட சூப் வேண்டாம் என்பான், சோறு வேண்டாம் என்பான், காபியை வேண்டாம் என்று சொன்னதில்லை.

மத்தியானம் வந்தவனிடம் வயிறு சரியில்லையா என்று கேட்டாள். வயிற்றுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றான். காபியை ஏன் வைத்துவிட்டுப் போனாய் என்றாள். ஆறிப்போயிருந்தது என்றான். அடுப்பிலிருந்து இறக்கி நேராக அவன் கையில் கொடுத்த காபி அது. ரூபியெலா தட்டை எடுத்து அவனுக்குச் சோறு போட்டாள். ஆனால் அன்று முழுவதும் அவள் கை வேலை செய்தது, மனசு அந்தக் கோப்பையிலேயே கிடந்தது.

பிஹாவோ ஊரின் கடைசித் தெருவில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. வீட்டின் பின்கதவைத் திறந்தால் காபிச் செடிகள்தான். மேல்பாத்தி, கீழ்ப்பாத்தி என்று இரண்டு துண்டு நிலம். பிள்ளைகள் இரண்டு பேரும் தலைநகர் பொகோட்டாவில் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர், ஒரு நாய், சில கோழிகள், காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் அடுப்பில் ஏறும் காபிப் பாத்திரம்.

அந்தக் காபியை வைத்துத்தான் ரூபியெலாவுக்கு வாழ்க்கையே அமைந்தது என்று சொல்லலாம். அவள் அம்மா ஒரு பெரிய தோட்டத்தில் பழம் பறிக்க வரும் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவள். ரூபியெலா பாவாடை தரையில் புரளும் வயதிலேயே அந்த அடுப்படியில் காபி வேலைக்கு நின்றாள். தண்ணீரில் கட்டி வெல்லத்தைப் போட்டுக் கொதிக்கவிடுவாள். கரைந்து நிறம் வந்ததும் தூளைக் கொட்டுவாள். பொங்கி மேலே வரும்போது இறக்கித் துணியில் வடிப்பாள். தூள் எந்தத் தூள் என்றால், விற்காத தூள். நல்ல கொட்டையெல்லாம் மூட்டை கட்டிக் கப்பலுக்குப் போய்விடும். உடைசல், கருப்படித்தது, பூச்சி துளைத்தது, பழுக்காமல் பறித்தது, இவைதான் வீட்டுக்கு நிற்கும். அதை இரும்புச் சட்டியில் கரி நிறம் வரும்வரை வறுப்பார்கள். அந்த மலையில் பிறந்த எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். காபி என்றால் அதுதான். அதற்கு வேறு ருசி இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

தொலிமா பக்கத்திலிருந்து பறிப்பு வேலைக்கு வந்த எவேலியோ, அந்தத் தோட்டத்தில் இரண்டாவது கோப்பை கேட்டு வந்த முதல் ஆள். மற்றவர்கள் சோற்றை இன்னொரு கரண்டி கேட்பார்கள். இவன் காபியைக் கேட்டான். அதிகம் பேசமாட்டான். கோப்பையை நீட்டுவான், அவ்வளவுதான். அறுவடை முடிந்து ஆட்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது அவன் கிளம்பவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சங்கதி நடந்தது. அந்த வருடத்துத் திருவிழாவில் எவேலியோ இரண்டு பாட்டுக்கு ஒமைராவோடு ஆடினான். அதன் பிறகுதான் ரூபியெலாவிடம் வந்து கையை நீட்டினான்.

ஒமைரா சதுக்கத்தில் ஆணி, கம்பி, மண்வெட்டி விற்ற கடைக்காரரின் மகள். அவர்கள் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் இன்ஸ்டன்ட் காபி பாட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய கௌரவம். மலை முழுக்கக் காபி விளைகிற ஊரில், வசதியான வீடுகளில் விருந்தாளிக்குச் சூடான பாலில் அந்தத் தூளைக் கலக்கிக் கொடுப்பதுதான் மரியாதை. ஒமைரா ஒருமுறை தோட்டத்துக்கு வந்தபோது ரூபியெலா காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயோ, கூலிக்காரங்க காபி" என்று சிரித்துக்கொண்டே கீழே வைத்தாள் ஒமைரா. அந்தச் சிரிப்பையும் அந்த இரண்டு பாட்டையும் ரூபியெலா பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒமைரா ஒரு வங்கிக்காரனைக் கட்டிக்கொண்டாள். பெரிய நிலநடுக்கத்தில் ஊர் பாதி இடிந்தபோது, பலரைப் போல அவளும் புருஷனோடு ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே புருஷன் வேறு யாரோடோ போய்விட்டான் என்றும், இவள் வலென்சியாவில் மதுக்கடைகளின் மேடைக்குப் பின்னால் நின்று காபி போட்டுப் பிழைக்கிறாள் என்றும் செய்தி வந்தது. ரூபியெலா அந்தச் செய்தியைக் கேட்டு வருத்தப்பட்டதாகத்தான் காட்டிக்கொண்டாள்.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒமைரா திரும்பி வந்தாள். தலைமுடியைக் கழுத்துக்கு மேலே கத்தரித்து, நரைக்குச் சாயம்கூட அடிக்காமல், ஒரு பளபளப்பான இயந்திரத்தோடு வந்து இறங்கினாள். பழைய மருந்துக்கடை இருந்த மூலையைப் பிடித்துக் காபிக்கடை போட்டாள்.

ஊரில் காபி கிடைக்காமல் இல்லை. சதுக்கத்தில் பில்லியர்ட்ஸ் மேஜை போட்ட கடைகள் இருந்தன. சின்னத் தடித்த கோப்பையில் கருங்காபி கொடுப்பார்கள், அதற்கு டின்டோ என்று பெயர். பால் கொஞ்சம் விட்டால் பெரிக்கோ. குளிருக்குச் சாராயம் சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. ஆம்பளைகள் உட்கார்ந்து மழையையும் அரசியலையும் திட்டும் இடம் அது. ஒமைராவின் கடை வேறு மாதிரி இருந்தது. அங்கே தூளைத் தராசில் நிறுத்துப் போட்டார்கள். காகித வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். நுரைத்த பாலில் இலை வரைந்து கொடுத்தார்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, பனிக்கட்டியோடு ஒரு காபி. மேஜைமேல் சர்க்கரைக் கிண்ணமே கிடையாது. கேட்டால் கொடுப்பாள். கொடுக்கும்போது, செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

முதல் மாதம் ஊரே சிரித்தது. புளித்த தண்ணீர், அதற்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டு விலை என்றார்கள். பிறகு சைக்கிளில் மலை ஏற வந்த வெளிநாட்டுக்காரர்கள் போனார்கள். பள்ளிக்கூட டீச்சர்கள் போனார்கள். சிரித்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ரூபியெலா மட்டும் அந்த மூலை வந்தாலே எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தாள்.

எவேலியோவின் காபி மிச்சமாகத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். நூபியா பின்கதவு வழியாக வந்தாள். நூபியாவின் மகளுக்கு ரூபியெலாதான் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லாமல் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொமாத்ரே, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. உன் வீட்டுக்காரன் ஒமைரா கடையில உக்காந்திருக்கான்."

"யாருக்காவது மூட்டை எறக்கப் போயிருப்பான்."

"மூட்டை எறக்கப் போனவன் தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டா உக்காருவான்?"

ரூபியெலாவுக்குத் தொப்பி என்ற வார்த்தைதான் தைத்தது. எவேலியோ தொப்பியைக் கழற்றுவது மாதாகோவிலிலும் படுக்கையிலும் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு புகைச்சல் தொடங்கியது. அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தாள். காபி வாசனை அடித்தது. அவள் அடுப்படியின் கரிந்த வாசனை அது இல்லை. இளசாக, தேனும் பழத்தோலும் கலந்தது போல ஒரு வாசனை. சட்டையில் சென்ட் வாசனை இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். கத்தியிருப்பாள், தட்டை உடைத்திருப்பாள். காபி வாசனைக்காக ஒரு பெண்பிள்ளை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒரு சாக்கு சொல்லி நூபியாவை அந்தக் கடைக்கு அனுப்பினாள். போனவள் திரும்பி வர நேரமானது. வந்ததும் ரூபியெலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஒமைரா என்ன உடுத்தியிருந்தாள், கருப்பு ஏப்ரன். அவன் பக்கத்தில் வந்து நின்றாளா, நின்றாள், எல்லோர் பக்கத்திலும்தான் நின்றாள். அவன் என்ன செய்தான், குடித்தான்.

"நீ என்ன பண்ணுன இவ்வளவு நேரம்?"

நூபியா சுவரைப் பார்த்தாள். "கொடுத்தா கொமாத்ரே. வேண்டாங்கறது மரியாதை இல்லையே."

"என்ன கொடுத்தா?"

"கப்புச்சினோ. மேல பால்ல இலை மாதிரி போட்டிருந்தா. குடிக்கறதா, பாத்துட்டே இருக்கறதான்னு தெரியல."

"குடிச்சியா?"

"வீணாப் போயிடுமில்ல."

நூபியாவின் மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. ரூபியெலா அந்த வாரம் அவளுக்கு வாழைக்காய் கொடுத்தனுப்பவில்லை.

அவள் சும்மா இருந்துவிடும் ரகம் இல்லை. ஒமைராவால் முடியுமென்றால் தன்னாலும் முடியும் என்று இறங்கினாள். ஒருநாள் காபியில் பட்டை போட்டாள். எவேலியோ குடித்துவிட்டு இருமினான். ஒருநாள் பாலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றி, கரண்டியால் அடித்து நுரை வரவைத்தாள். நுரை மேஜைக்குப் போவதற்குள் அடங்கிப்போனது. கடைசியில் கடைவீதிக்குப் போய், ஒரு காலத்தில் ஒமைரா வீட்டு அலமாரியில் பார்த்து ஏங்கிய அதே மாதிரி இன்ஸ்டன்ட் காபி பாட்டில் ஒன்றை வாங்கி வந்தாள். சூடான பாலில் கலக்கி, நல்ல கோப்பையில் ஊற்றி, தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். எவேலியோ கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "யாராவது விருந்தாளி வர்றாங்களா?" என்று கேட்டான்.

அந்த ராத்திரி அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, மாதாகோவிலுக்குப் போடும் நீல கவுனை உடுத்தினாள். காதில் பச்சைக்கல் தோடு போட்டாள். எதிர்ச்சாரிக்கு மாறாமல் நேராக அந்த மூலைக்கு நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எவேலியோ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எதிரே சிவந்த மூக்கோடு ஒரு வெளிநாட்டு ஜோடி. நடுவில் அவன் பேச்சை அவர்கள் பாஷைக்கு மாற்றிச் சொல்ல, ஊர் டீச்சர் ஒருத்தி.

பேசிக்கொண்டிருந்தது எவேலியோ.

"வாயில வெச்சதும் ஆரஞ்சுத் தோலக் கடிச்ச மாதிரி ஒரு கசப்பு வரும். அவசரப்படாதீங்க. கொஞ்சம் ஆறவிட்டுக் குடிங்க, கரும்புச்சாறு வரும். மேல்பாத்தியில வாழை நிழல் ஜாஸ்தி. பழம் மெதுவாத்தான் பழுக்கும். மெதுவாப் பழுத்தாத்தான் இந்த இனிப்பு. நான் மொத மொத குடிச்சப்ப நம்பல. என் நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

ரூபியெலா வாசலிலேயே நின்றாள். இந்த மனிதன் வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுவது மூன்று பேச்சு. மழை வரும் என்பான், உப்புக் குறைவு என்பான், படுக்கலாம் என்பான். பிள்ளைகள் பிறந்தபோதுகூட நல்லபடியா என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். அவனுக்குள் இத்தனை பேச்சு இருந்ததா? இருந்ததை எடுத்து, பெயர் தெரியாத இரண்டு சிவந்த மூக்குக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறானே. அவன் ஒமைராவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருந்தாலும் இப்படி வெந்திருக்காது. மார்புக்குள் யாரோ சட்டியைக் காயவைத்தது போல இருந்தது.

மேடைக்குப் பின்னால் நின்ற ஒமைரா அவளைப் பார்த்துவிட்டாள். "வா ரூபியெலா. எப்ப வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

எவேலியோ திரும்பினான். திரும்பிய கையோடு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். வெளிநாட்டுக்காரர்களுக்குச் செடியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன் என்று பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, அவர்களை ஓட்டிக்கொண்டு வெளியே போனான். டீச்சர் பின்னாலேயே போனாள்.

"ஒரு டின்டோ" என்றாள் ரூபியெலா.

"எந்த டின்டோ?"

"காபி மாதிரி இருக்கறது."

ஒமைரா தூளைத் தராசில் நிறுத்தாள், காகிதத்தை மடித்தாள், தண்ணீரை மெல்லிய நூலாக விட்டாள். ரூபியெலா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரம் இல்லை. சூடு பட்ட தழும்புகள் இருந்தன. கண்ணாடிக் கோப்பையில், டீ போலத் தெளிந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க மேல்பாத்திக் காபிதான். எவேலியோ ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான், வறுத்துப் பாருன்னு. எவ்வளவு சுத்தமாப் பொறுக்கின கொட்டை. ஒரு கருப்புகூட இல்ல."

பொறுக்கியது ரூபியெலா. கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்கப் போகிற சரக்கு என்று நினைத்து, முதுகு வலிக்க உலர்களத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். அது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

குடித்தாள். அவள் எதிர்பார்த்து வந்தது புளித்த தண்ணீர். ஆனால் நன்றாக இருந்தது. முதலில் நாக்கு கூசியது. பிறகு, அவன் சொன்ன கரும்புச்சாறு தொண்டைக்குப் பின்னாலிருந்து தானாக ஏறி வந்தது. நன்றாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மட்டமாக இருந்திருந்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"புளிக்குது" என்றாள்.

"புளிக்கத்தான் செய்யும். பழம்தானே அது" என்றாள் ஒமைரா.

ரூபியெலா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "என் வீட்டுக்காரன்கிட்ட உனக்கு என்ன வேணும்?"

ஒமைரா துணியால் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "மறைக்க என்ன இருக்கு. அவன் வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கு. காலையில கதவத் திறந்ததும் வருவானான்னு பாக்கறேன். போதுமா?"

"வெக்கமா இல்ல?"

"முழுசாக் கேளு. வர்றவன் என்னப் பாக்கறதே இல்ல. கோப்பையப் பாக்கறான். மோந்து பாக்கறான், ஆறவிட்டுப் பாக்கறான், வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறான். முடிய இன்னும் குட்டையா வெட்டிக்கிட்டு ஒரு வாரம் அவன் முன்னாடியே நின்னேன், கண்ணுல படல, நீ ஊருக்குப் போயிருந்தியான்னு கேக்கறான். நீ இங்க வந்து எரிஞ்சு விழற. நான் யார்கிட்டப் போய் எரிஞ்சு விழறது? அந்தத் தூள்கிட்டயா?"

ரூபியெலா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். காசு எடுத்தபோது ஒமைரா வேண்டாம் என்றாள். ரூபியெலா வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஓசியில் குடித்ததாக இருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் அவள் காபி போடவில்லை. அடை சுட்டாள், முட்டை பொரித்தாள், தண்ணீர்ச் செம்பை வைத்தாள். எவேலியோ அடுப்பைப் பார்த்தான். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். ஊர்ப்பக்கம் போகவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நாய்கூட இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. காபி வாசனை இல்லாத அடுப்படி யாரோ காலிசெய்துவிட்டுப் போன வீடு போல இருந்தது. ஆனாலும் ரூபியெலா அசையவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், உலர்களத்தில் அவள் பலகையால் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்து பக்கத்தில் நின்றான். இன்னொரு பலகையை எடுத்துக்கொண்டு அவனும் புரட்டினான்.

"இப்பல்லாம் அங்க போகலேன்னு சொன்னா நம்புவியா?" என்று கேட்டான்.

"நீ போனது எனக்குக் கோவமில்ல" என்றாள். அது பொய். "அங்க அவ்வளவு பேசறியே. இங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அங்க கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. வாயில வெச்சா என்ன தெரியுதுன்னு கேக்கறாங்க."

"நானும்தான் தெனம் கேக்கறேன்."

"நீ வெல்லம் போதுமான்னு கேப்ப."

அவள் புரட்டுவதை நிறுத்தினாள். அவன் நிறுத்தவில்லை. அவளைப் பார்க்காமலே, கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இந்தச் செடிக்குக் குழி வெட்டியது நான், எரு போட்டது நான், மழையில் நனைந்து பழம் பறித்தது நாம் இரண்டு பேர். நம்ம காபி என்ன ருசி என்று இத்தனை வயசுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒமைரா கடையில் குடித்த அன்றைக்கு யாரோ என் பிள்ளையைப் பெரியவனாக்கிக் கொண்டுவந்து காட்டின மாதிரி இருந்தது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது, அவள் பெயரை எடுத்தாலே நீ பாத்திரத்தை உருட்டுவாயே.

"அப்ப நான் இத்தன காலம் போட்டுக் கொடுத்தது என்ன?" என்றாள் ரூபியெலா.

எவேலியோ யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "அது வெல்லம், கண்ணு. நல்ல வெல்லம்."

அவள் பலகையைக் கீழே போட்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, அவளே எதிர்பார்க்காமல், அந்தப் பழைய சங்கதியும் வெளியே வந்து விழுந்தது.

"அவகூட நீ ரெண்டு பாட்டு ஆடுன. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி."

"எப்ப?"

"திருவிழாவுல. நாம கட்டிக்கிட்ட வருஷம்."

எவேலியோ பலகையின்மேல் சாய்ந்து நின்று நினைவுபடுத்திப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. கடைசியில் தலையை ஆட்டினான். அவனுக்கு நினைவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே நினைவில்லை. "நான் அவகூட ஆடுனேனா?" என்று அவளிடமே திருப்பிக் கேட்டான்.

அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. இத்தனை வருடம் ஒருத்தி காவல் காத்துக் கிடந்த சாமானை, சொந்தக்காரனே தன்னுடையது இல்லை என்கிறான்.

அந்த வாரம் ரூபியெலா இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, நல்ல கொட்டையில் ஒரு பை இனிமேல் வீட்டுக்கு. கூட்டுறவு கேட்டாலும் சரி, ராஜா கேட்டாலும் சரி, கொடுப்பதில்லை. அதை அவளே வறுத்தாள். முதல் சட்டி கைப்பழக்கத்தில் கரியாகிவிட்டது. இரண்டாவது பாதி வெந்தும் பாதி வேகாமலும் வந்தது. ஒமைராவிடம் போய்க் கேட்க நாக்கு வளையவில்லை. தானே பழகினாள். வெல்லத்தை முழுக்க விடவும் மனசு வரவில்லை. கொஞ்சம் போட்டாள். அவன் இன்னும் குறை என்றான். இதற்கு மேல் குறைத்தால் நீயே போட்டுக்கொள் என்றாள். அந்தச் சண்டை அவர்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் கோப்பையை நீட்டும்போது, என்ன தெரிகிறது என்று கேட்கப் பழகிக்கொண்டாள். அவனும் சொன்னான். சில நாள் அவன் சொல்வது அவளுக்கும் தெரிந்தது. தெரியாத நாளில் ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

இரண்டாவது முடிவு, ஒமைராவுக்குப் போகும் பையை இனிமேல் எவேலியோ சுமக்க வேண்டாம். தானே கொண்டுபோவாள். வெள்ளிக்கிழமை தோறும் பச்சைக்கல் தோட்டோடு அவள் அந்த மூலைக்கடைக்குப் போவதை ஊர் பார்த்தது. காவலுக்குப் போகிறாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். காவலுக்குத்தான் போனாள். பையை இறக்கிவிட்டு ஒரு டின்டோ சொல்வாள். காசு கொடுத்துவிட்டுத்தான் குடிப்பாள். அது அதிகம் வறுபட்டிருக்கிறது, இது தண்ணீராக இருக்கிறது என்று ஏதாவது குறை சொல்வாள். ஒமைராவும் விடமாட்டாள். போன வாரக் கொட்டையில் ஈரம் இருந்தது என்பாள். இருவரும் நன்றாகத் திட்டிக்கொள்வார்கள். திட்டு முடிந்ததும் ரூபியெலாவுக்கு ஏனோ பசி எடுக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அலமாரியில் புதுப் பொட்டலங்கள் இருந்தன. ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போக ஒமைரா அச்சடித்தது. பழுப்புக் காகிதத்தில் கருப்பு எழுத்து. மேல்பாத்தி என்று மேலே, எவேலியோ என்று கீழே. ரூபியெலா கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பொறுக்கினது யாரு?" என்றாள்.

ஒமைராவுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு பேர் வெக்க எடமில்ல ரூபியெலா. சின்னப் பொட்டலம்."

"அப்ப அவன் பேரச் சின்னதாக்கு."

அச்சடித்தது முழுக்க வீணாகும் என்று ஒமைரா சொல்லிப் பார்த்தாள். வீணாகட்டும், அடுத்த வாரம் பை வராது என்றாள் ரூபியெலா. அடுத்த மாதம் புதுப் பொட்டலம் வந்தது. ரூபியெலா என்ற பெயர் மேலே பெரிதாகவும், எவேலியோ என்ற பெயர் அதன் கீழே ஒரு சுற்றுச் சிறிதாகவும் இருந்தன. எவேலியோவிடம் காட்டினாள். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, மேல இருக்கறதுதான் எடுப்பா இருக்கு என்றான்.

அவளுடைய மனசு அதோடு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அலமாரியில் இவர்கள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டலம் இருந்தது. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கும் லிஹியா என்ற விதவையுடையது. இவர்களுடையது மூன்று போவதற்குள் அது ஐந்து போய்விடுவது ரூபியெலாவின் கண்ணில் பட்டது. ஒருநாள் அதிலேயே ஒரு கோப்பை போடச் சொன்னாள். ஒமைரா உதட்டைக் கடித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். திராட்சை ரசம் போல, கொஞ்சம் போதை ஏறிய பழம் போல இருந்தது. பழத்தை உரிக்காமல் தோலோடேயே காயவைக்கிறாள் என்று ஒமைரா சொன்னாள். ரூபியெலா ஒரு குறையும் சொல்லாமல் குடித்து முடித்தாள். அவள் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தது அன்று ஒருநாள்தான் என்று ஒமைரா பின்னால் நூபியாவிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த அறுவடையில் கீழ்ப்பாத்திப் பழத்தை உரிக்காமல் தோலோடு காயப்போட வேண்டும் என்று எவேலியோவிடம் சொன்னாள். மழை பிடித்தால் பூஞ்சை ஏறிவிடும், தரையில் போட முடியாது, உயரமாகத் தட்டி கட்ட வேண்டுமே என்றான் அவன். கட்டு என்றாள். எதற்கு இந்தப் புது வேலை என்றான்.

"ஆத்தோரத்துக்காரி போடறாளே, நமக்கென்ன கை இல்லையா?"

எவேலியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டின்மேல் குனிந்துகொண்டான். மறுநாள் விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு தட்டிக்கு மூங்கில் வெட்டப் போனான். எது முற்றல், எது இளசு என்று அவனுக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு ரூபியெலாவும் கூடவே போனாள்.